உப்புத் தொட்டியில் முதல் முழுக்கு

“உப்புப் பாருங்க, மாப்பிள்ளை” என்று உள்ளங்கையை நீட்டினார் சண்முகவேல்.

கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி, அதே தண்ணீரைக் குழித்த கையில் அள்ளி, கரையில் நின்ற மருமகனுக்கு நீட்டிய கை அது. அன்று சனிக்கிழமை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, சீயக்காயை அப்பிக்கொண்டு, அந்தக் கோலத்திலேயே தொட்டிக்குள் இறங்கியிருந்தார் மனுஷன். காசிராஜன் குனிந்து பார்த்தான். இளம்பச்சைத் தண்ணீர். அதன் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மினுங்கிற்று. சீயக்காய்த் துணுக்கு ஒன்று மெதுவாகச் சுற்றி வந்தது. ஓரத்தில் சுருண்டபடி ஒரு நரைமுடி. அது தலைமுடியா மார்முடியா என்று ஆராய அவனுக்குத் தெம்பில்லை.

வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை, மாமனார் நீட்டிய கையைத் தட்டவா முடியும்? ஒற்றை விரலை அதில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தான். உப்பு கரித்தது. அதற்குப் பின்னாலேயே எண்ணெய் வழுக்கிற்று. அதற்கும் பின்னால், பழைய பானையின் அடியைக் கழுவாமல் முகர்ந்தது போல ஒரு வாடை தொண்டை வரை போய் உட்கார்ந்துகொண்டது. வாயில் ஊறியதை எங்கே துப்புவது? விழுங்கிவிட்டான்.

“சரியா இருக்கு மாமா.”

“எனக்குக் கொஞ்சம் மட்டாப் படுதே” என்றவர், கையில் மிச்சமிருந்ததைத் தாமே உறிஞ்சி, கடவாயில் ஒதுக்கி, கொடகொடவென்று கொப்பளித்து, புளிச்சென்று ஓரமாகத் துப்பினார். ஓரம் என்றாலும் அது தொட்டிக்குள்தான்.

கறிக்கு உப்புப் பார்ப்பதைப் போலத் தொட்டிக்கு உப்புப் பார்ப்பது சண்முகவேலின் வழக்கம். மட்டாகத் தெரிந்தால், காவல்காரன் சோலைச்சாமியைக் கூப்பிட்டு ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொல்வார். பட்டாசுக் கம்பெனி வைத்துச் சம்பாதித்த மனுஷர். எதையும் வாயாலும் மூக்காலும் பார்த்தே கணக்காகச் சொல்லிப் பழகியவர்.

தொட்டி வந்த கதை இதுதான். கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கப் பம்பாய்க்குப் போனவரை, அங்கே ஒரு சேட்டு கடல்தண்ணீர் ஏற்றிய நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அதில் மிதந்ததும் இவருடைய முழங்கால் குடைச்சல் விட்டதாம். ஊருக்குத் திரும்பியவர், ஆனைக்குட்டம் போகிற பாதையிலிருந்த தம் தோட்டத்தைப் பார்த்தார். அங்கே கிணற்றுத் தண்ணீர் ஒரே உவர். மாடுகூட வாய் வைக்காது. குடிக்கவும் ஆகாமல் பயிருக்கும் ஆகாமல் கிடந்த அந்தத் தண்ணீரை இறைத்து, தூத்துக்குடியிலிருந்து லோடு லோடாக உப்பை இறக்கி, சிமிட்டியில் ஒரு பெரிய தொட்டியைக் கட்டிவிட்டார். சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷத்துக்கு மறு வருஷம் அது. சிமிட்டி கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்த காலத்தில் எப்படியோ வாங்கினார்.

“உப்புத் தண்ணிய மாத்தவே வேண்டாம் மாப்பிள்ளை” என்பது அவருடைய சித்தாந்தம். “ஊறுகாயில பூசணம் பிடிக்குமா? உப்புக் கண்டம் அளுகுமா? உப்புக்குள்ள கெடக்குறது கெடவே கெடாது.”

காசிராஜனுக்கு அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம், தொட்டிக்குள் பெரிய உப்புக்கண்டம் ஒன்று மிதந்து பேசுவது போலவே இருக்கும். விருதுநகர்க் காலேஜில் இன்டர்மீடியட் வரை கெமிஸ்ட்ரி படித்தவன் அவன். கெட்டியான உப்புத் தண்ணீரில் மாங்காய் கெடாது. இந்தத் தொட்டியிலிருந்தது ரசத்தளவு உப்பு. அதில் மாங்காயே கெடும், மனுஷன் கெட மாட்டானா?

வீட்டுக்குப் போனதும் வேப்பங்குச்சியால் நாக்கை வழித்தான். வழித்து வழித்து ஓங்கரித்தான்.

“என்ன, இன்னைக்கும் பிரசாதமா?” என்று கேட்டுக்கொண்டு சொம்பில் தண்ணீரோடு வந்தாள் பொன்னுத்தங்கம். சண்முகவேலுக்கு ஒரே மகள். சிரிப்பை அடக்கத் தெரியாதவள்.

“நீ சிரி. உங்கப்பா கொப்பளிச்ச தண்ணிய நான் குடிச்சிட்டு வந்திருக்கேன்.”

“குளம்புல ஒரு ஈ விளுந்தா சட்டியோட தெருவுல வைக்கிற ஆளு நீங்க. வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லிட்டு இந்த வீட்டுல எப்படி இருக்க?”

அதற்கு அவள் சிரிக்கவில்லை.

அவன் அதுவரை அந்தத் தொட்டியில் இறங்கியதே இல்லை. சளி என்பான், காய்ச்சல் என்பான், கால் சுளுக்கு என்பான். ஆனால் சாக்கெல்லாம் தீர்ந்துபோகிற நாளும் வந்தது. ஒரு நாள் சாப்பாட்டு இலைக்கு முன்னால் மாமனார் அறிவித்துவிட்டார்.

“பத்திரகாளியம்மன் சித்திரைப் பொங்கலுக்குச் சொந்தம் அம்புட்டையும் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். தொட்டிக்கு அன்னைக்குத்தான் தொறப்பு விளா. மாப்பிள்ளைதான் மொதல்ல முளுக்குப் போடணும். நாலு பேரு பாக்கட்டும், நம்ம வீட்டு மாப்பிள்ளைய. தண்ணி கொஞ்சம் பச்சை அடிக்கு, அதச் சரி பண்றது உங்க பொறுப்பு. நீங்க படிச்சவுகல்ல.”

காசிராஜனுக்கு இலையிலிருந்த கீரை மசியல் கண்ணில் பட்டது. கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான்.

ஆக, ஒன்று தண்ணீரைச் சுத்தமாக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குள் முங்க வேண்டும். மூன்றாவது வழி ஒன்று உண்டு. மாமனாரிடம் மூஞ்சிக்கு நேராக மாட்டேன் என்று சொல்வது. அதற்கு அவனுக்கு நாக்கு எழவில்லை. தண்ணீரில்தான் கை வைத்தான்.

முதலில் தேங்காய் நார்ச் சவுரியைக் கழியில் கட்டிச் சுவரைத் தேய்த்தான். தேய்த்த இடத்திலிருந்து பாசி தோல் உரிவது போல உரிந்து, கொழகொழவென்று கழியைச் சுற்றிக்கொண்டது. அதை உதறும்போது ஒரு துளி உதட்டில் தெறித்தது. அன்றைக்குப் பூராவும் உதட்டைத் துடைத்தே உதடு புண்ணானது. பிறகு பாசியைக் கொல்ல மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, தொட்டியைச் சுற்றி இழுத்து நடந்தான். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டான். மாமனார் சொல்படி உச்சிவெயிலில் போட்ட அன்று ஒரு பிரயோஜனமும் இல்லை. வெயில் ப்ளீச்சிங்கைத் தின்றுவிடுகிறது என்று புரிந்துகொண்டு, பொழுது சாய்ந்த பிறகு போட ஆரம்பித்தான். தண்ணீர் தெளிந்தது. அப்பாடா என்றிருந்தான். அடுத்த வாரத்துக்குள் மறுபடி பச்சை. முன்னைவிடப் பச்சை. எருமை குளித்து எழுந்த குட்டை தோற்றது.

இது எங்கிருந்து தீனி தின்கிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் காலையில் அவன் போகும்போது, சோலைச்சாமி தொட்டியோரம் சாக்கை உதறிக்கொண்டிருந்தான். சாம்பல் படிந்த கட்டிகள் தண்ணீருக்குள் விழுந்தன.

“ஏலே, என்னது அது?”

“வெடியுப்புங்கய்யா. ஐப்பசி மளையில குடோன் ஒளுகி, நனைஞ்சு கட்டி தட்டிப்போச்சு. மருந்துக்கு ஆவாது. வீணாப் போவ வேண்டாம், தூத்துக்குடி மூட்டைக்குப் பதிலா இதக் கரைச்சுவிடுன்னு மொதலாளி சொன்னாக. ரொம்ப நாளாவே போட்டுட்டுத்தான் வாரேன்.”

காசிராஜன் தலையில் கை வைத்துக்கொண்டான். வெடியுப்பும் மல்லாங்கிணற்றில் அவன் தாய்மாமன் பருத்திக்குப் போடுகிற உரமும் ஒரே வம்சம். கம்பெனியில் உதிரி மருந்தைக்கூடக் கூட்டி அள்ளுகிற சிக்கனம், இங்கே பாசிக்கு எருப் போட்டு வளர்த்திருக்கிறது. இவன் ஒரு பக்கம் கொல்ல, அவர் ஒரு பக்கம் ஊட்ட, நடுவில் அது கொழுகொழுவென்று தழைக்கிறது.

அன்று மாலை மாமனாரிடம் போனான். வெடியுப்பு உரம் என்பதைச் சொன்னான். “அப்படியா? சரி, நிப்பாட்டிருவோம்” என்று சுளுவாக ஒப்புக்கொண்டார். அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் தொட்டான்.

“அப்புறம் மாமா... எண்ணெய் தேச்சவுக, கெணத்தடியில ஒருக்கா நல்லா அலசிட்டு இறங்கினா தண்ணிக்கு நல்லது.”

“எண்ணெய் தேச்சவுகன்னா?”

“பொதுவாச் சொன்னேன் மாமா.”

“பொதுவா யாரு தேய்க்கா இங்கன? நான் ஒருத்தன்தான்.” படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். “களுவிட்டுத்தான் குளிக்கணும்னா, அப்புறம் குளிக்கிறது எதுக்கு மாப்பிள்ளை?”

காசிராஜன் பெட்டிப்பாம்பாகத் திரும்பி வந்தான்.

காலேஜ் வாத்தியார் ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்த லிட்மஸ் தாளைத் தொட்டியில் முக்கிப் பார்த்தான். சிவப்புத் தாள் நீலமாயிற்று. ப்ளீச்சிங்கிலேயே சுண்ணாம்பு உண்டு. போடப் போடக் காரம் ஏறிக்கொண்டே போகும். காரம் ஏறிய தண்ணீரில் ப்ளீச்சிங் சோம்பிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட் விட்டு இறக்கினால்தான் இரண்டும் சமனாகும். ப்ளீச்சிங்கும் ஆசிட்டும் ஒன்றோடொன்று சேராதபடி வேறு வேறு நாளில், நிறையத் தண்ணீரில் கலந்து விட வேண்டும். அதற்காக ஒரு ஜாடி ஆசிட்டை வரவழைத்தான். ஜாடி வாசலில் இறங்கும்போதே மாமனார் பார்த்துவிட்டார்.

“ஆசிட்டா? மனுசன் குளிக்கிற தண்ணியிலயா?”

“துளித் துளியாத்தான் மாமா. காரம் கூடியிருக்கு, அதக் கொறைக்க...”

“நாளைக்குப் பேரப்பிள்ளை நீந்துற தொட்டி மாப்பிள்ளை! தோலு வெந்துராது? கெமிஸ்ட்ரியெல்லாம் கம்பெனியோட வச்சுக்கோங்க. எங்கய்யா காலத்துல கெணறு கலங்கினாச் சுண்ணாம்பத்தான் போடுவாக. ஏலே சோலை, சுவருக்கு வெள்ளையடிச்சு மிச்சமிருக்கிற சுண்ணாம்பு அம்புட்டையும் தொட்டியில ஊத்துடா!”

ஜாடி வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிற்று. பீப்பாய் பீப்பாயாகச் சுண்ணாம்பு இறங்கிற்று.

கொடுமை என்னவென்றால், தண்ணீர் தெளிந்துவிட்டது. சுண்ணாம்பு எல்லாப் பாசியையும் வாரிக்கொண்டு அடியில் படிந்துவிட்டது. மேலே பளிங்கு. “பாத்தீகளா!” என்று மாமனார் துள்ளினார். காசிராஜன் கழியை அடி வரை விட்டுத் தூக்கினான். கழியின் நுனியில், புளித்த தயிரையும் கீரையையும் பிசைந்தது போல, வெள்ளையும் பச்சையுமாகக் கனத்துத் தொங்கிற்று. நாற்றம் மூக்கைத் துளைத்தது. கழியை அங்கேயே போட்டுவிட்டு வேலியோரம் போய் வாந்தியெடுத்தான். விடிந்தால் பொங்கல். நாளைக்கு இதன் மேல் கால் வைத்து நிற்க வேண்டும். இதற்குள் தலை முங்க வேண்டும். கண்ணில், காதில், மூக்கில் இது போகும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் லிட்மஸ் தாள் தீர்ந்துபோயிருந்ததைப் பெண்டாட்டியிடம் சொல்லிப் புலம்பினான்.

“எதுக்குத் தாளு? இப்ப அதுல சுண்ணாம்பு கூடியிருக்கா இல்லையான்னுதானே பாக்கணும்?” என்றாள் பொன்னுத்தங்கம். கொஞ்சம் மஞ்சள்தூளைத் தட்டில் வைத்து, அவன் சீசாவில் எடுத்து வந்திருந்த தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றினாள். மஞ்சள் குபுக்கென்று சிவந்தது. “அங்க பாருங்க, ஆரத்திக்கு ஆலம் கரைச்சாப்புல.”

இரண்டு பேரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அழுகை வந்தது. அவளுக்கு வேறு ஏதோ வந்தது போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டை எடுத்துப் போய்விட்டாள்.

பொங்கலன்று தோட்டம் கொள்ளாத கூட்டம். வாழைமரம், மாவிலை, மேளம். வந்தவர்களெல்லாம் தொட்டியை எட்டிப் பார்த்து, “கண்ணாடி கணக்கால்ல இருக்கு!” என்றார்கள். ஒரு வாரமாக யாரும் ப்ளீச்சிங் போடவில்லை. அந்த நெடிகூட இல்லை. சண்முகவேல் பட்டு அங்கவஸ்திரத்தோடு கரையில் நின்றுகொண்டு, “எல்லாம் நம்ம மாப்பிள்ளை கைவண்ணம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் மனசாரச் சொன்னார். நல்ல மனுஷன், பாசமான மனுஷன். அதனால்தான் அவரிடம் எதையும் சொல்ல முடிவதில்லை.

காசிராஜன் ஈரிழைத் துண்டைக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தான். முதல் படி பரவாயில்லை. இரண்டாவது படியில், தண்ணீருக்கு அடியில், உள்ளங்கால் எதிலோ பதிந்தது. நாயின் நாக்கை மிதித்தது போல வெதுவெதுவென்று வழுக்கிற்று. விரல் இடுக்குகள் வழியாக அது மேலே ஏறி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். கெண்டைக்காலிலிருந்து முதுகு வரை மயிர் கூச்செறிந்தது.

“முங்குங்க மாப்பிள்ளை!”

“மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரே முங்கு, ஆமா!”

“மாப்பிள்ளைக்குத் தண்ணியக் கண்டா பயம் போலருக்கே! இடுப்புல கயிறு கட்டி இறக்கவா?”

கூட்டம் சிரித்தது. அவன் முழங்கால் வரை இறங்கி நின்றான். இதற்கு மேல் போனால் செத்துவிடுவேன், போகாவிட்டால் மானம் போய்விடும் என்று நின்றான்.

அந்த நேரம் பார்த்து மச்சினிமார் கூட்டம் மஞ்சள்நீர்க் குடங்களோடு ஓடி வந்தது. பொங்கலில் முறைமாப்பிள்ளை மேல் மஞ்சள்நீர் ஊற்றாமல் விடுவார்களா? சித்தப்பா பெண்கள், பெரியப்பா பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவன் தலையில் கவிழ்த்தார்கள். கெட்டியான மஞ்சள். தலையிலிருந்து வழிந்து தொட்டிக்குள் விழுந்தது.

விழுந்த இடமெல்லாம் சிவந்தது.

அவன் காலைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வட்டம் எழும்பிப் பரவிற்று. சிரிப்புச் சத்தம் நின்றது. மேளக்காரன் கையும் நின்றது.

“ஆத்தாடி, ரத்தம்!” என்று ஒருத்தி அலறினாள்.

“மாப்பிள்ளை காலப் பாருங்க, காலப் பாருங்க!”

சண்முகவேல் முகம் வெளுத்துப்போயிற்று. “தாயே பத்திரகாளி, என்ன குத்தம் செஞ்சேன்?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பொன்னுத்தங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து சிரித்தாள்.

“எதுக்குச் சத்தம் போடுறீக? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்ன ஆகும்? உங்க வீட்டுல ஆலமே கரைச்சதில்லையா? அப்பாதானே சுண்ணாம்ப ஊத்தச் சொன்னாக?”

கூட்டம் மூச்சு விட்டது. “அட ஆமா, ஆலம்தான்!” என்று பெண்கள் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டார்கள். சண்முகவேலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “நல்லதுதான். தொட்டியே மாப்பிள்ளைக்கு ஆலம் எடுத்திருச்சு. நீங்க முங்குங்க மாப்பிள்ளை!”

“அது எப்படிப்பா?” என்றாள் மகள். “ஆலம் எடுத்த தண்ணியில யாராவது குளிப்பாகளா?”

பெண்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள்.

“அது வீட்டுக்குள்ள இருக்கக்கூடாதுன்னுதானே முச்சந்தியில கொண்டுபோய்க் கொட்டுதோம்” என்றாள் ஒரு சித்தி. “கண்ணேறு அம்புட்டும் அதுலதான இருக்கும்! அதுக்குள்ளயே மாப்பிள்ளைய நிப்பாட்டி வச்சிருக்கீகளே அண்ணாச்சி, ஏறச் சொல்லுங்க மொதல்ல!”

“ஏறுங்கய்யா, ஏறுங்க!” என்று நாலைந்து கைகள் காசிராஜனைப் பிடித்துத் தூக்கின.

“அப்போ, இம்புட்டுத் தண்ணியையுமா கொட்டணும்?” என்றார் சண்முகவேல் ஈனசுரத்தில்.

“பின்னே? வீட்டுக்குள்ள வச்சுக்கிடுவீகளா?”

கெமிஸ்ட்ரி சொல்லியிருந்தால் பேப்பரை மடித்து வைத்திருப்பார். ஆலம் என்றதும் மறுபேச்சு இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் ஆயில் எஞ்சினை ஓட்டி, தண்ணீரைக் கருவேலங்காட்டு ஓடைக்குத் திருப்பிவிட்டார்கள்.

“குடத்துக்கு எம்புட்டு மஞ்சள் கரைச்சேன் தெரியுமா?” என்று காதோரம் கேட்டாள் பொன்னுத்தங்கம். “கைய மோந்து பாருங்க.” அவன் மோந்து பார்த்தான். பல நாளைக்குப் பிறகு அவன் மூக்குக்கு நல்ல வாசனை.

மறுநாள் காலையில் தொட்டி வற்றியிருந்தது. மாமனாரும் மருமகனும் கரையில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

தரையே தெரியவில்லை. கணுக்கால் ஆழத்துக்குச் சாம்பல்பச்சைக் கூழ், வெயில் பட்டுக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதில் முடிக்கற்றைகள் கயிறு கயிறாகத் திரிந்து கிடந்தன. சீயக்காய்ச் சக்கை, எண்ணெய்ப் பிசுக்குத் திரண்ட கறுப்பு உருண்டைகள், வெற்றிலைத் திப்பி. ஒரு செத்த ஓணான் வயிறு ஊதி, பாசிச் சட்டை போட்டுக்கொண்டு மல்லாந்திருந்தது. அது எப்போது விழுந்ததோ. ஈக்கள் மொய்த்தன.

சண்முகவேலின் கை தானாக வாயைத் தடவிற்று.

“இதுலயா நான் உப்புப் பாத்தேன்?” என்றார். அடுத்த நிமிஷம் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். காலையில் தின்ற இட்லி முழுக்க வெளியே வந்தது.

காசிராஜன் சொம்பில் தண்ணீர் கொடுத்தான். முகம் கழுவிய பின் அவர் கேட்டார்: “எங்கிருந்து மாப்பிள்ளை வந்துச்சு இம்புட்டு அசிங்கம்?”

“நம்ம...” என்று ஆரம்பித்தான். நாக்கில் அந்தப் பழைய வாடை ஒரு கணம் வந்து போயிற்று. நிறுத்திக்கொண்டு, நேராகச் சொன்னான்: “உங்களுது, மாமா. ஓணானத் தவிர அம்புட்டும் உங்களுது. உங்க எண்ணெய், உங்க சீயக்காய், நீங்க துப்புன வெத்தலை. அதுக்கு நீங்க போட்ட எரு.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவரோ குளித்து முடித்த குழந்தை போலத் தலையைக் குனிந்துகொண்டு, “சொல்லியிருக்கக்கூடாதா?” என்றார்.

“சொன்னேன். பொதுவாச் சொன்னேன்.”

கூழை வாரி எடுக்க வந்த ஆட்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள். தொட்டி காய்ந்த பிறகு உவர்த்தண்ணீர் ஏறிற்று. தூத்துக்குடி உப்பு மட்டும் விழுந்தது. ப்ளீச்சிங் சாயங்காலத்தில், ஆசிட் வேறொரு நாளில் துளித்துளியாக. காரம் ஏறிவிட்டதா என்று பார்க்கச் சோலைச்சாமியே ஒரு துண்டுத் தாளில் மஞ்சள் தடவி முக்கிப் பார்ப்பான். சிவந்தால் காசிராஜனைத் தேடி ஓடி வருவான். கிணற்றடியில் ஒரு குழாய் வைத்து, அலசிக்கொள்ளாமல் யாரும் இறங்கக்கூடாது என்று ஏற்பாடாயிற்று.

ஒரு சனிக்கிழமை. கிணற்றடியில் இரண்டு தரம் எண்ணெய் போகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் சண்முகவேல் தொட்டிக்குள் வந்தார். காசிராஜன் அவருக்கு முன்னாலேயே இறங்கி நின்றிருந்தான், கழுத்தளவு. அடித்தரை சிமிட்டி என்பது இப்போதுதான் காலுக்குத் தெரிந்தது. இருந்தாலும் வாயை இறுக மூடிக்கொண்டுதான் நின்றான்.

பழக்க தோஷம். மாமனார் உள்ளங்கையைக் குழித்து அள்ளினார்.

“உப்புப் பாருங்க, மாப்பிள்ளை.”

“மாட்டேன் மாமா” என்றான் காசிராஜன்.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. சண்முகவேல் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் நிறுத்தினார். முதல் தடவையாக உள்ளங்கைக்குள் உற்றுப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கைரேகை தெரிந்தது. பிறகு விரலை விரித்து ஒழுகவிட்டார்.

“உப்பு சரியாத்தான் இருக்கும்” என்றார்.